செருப்பு அளவும் எமிஸ் கணக்கும்

கேள்வி: ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை நான். அரசின் விலையில்லாப் பொருள்களுக்குப் பட்டியல் ஒழுங்காகத்தான் கொடுக்கிறேன், ஆனாலும் செருப்பு பாதிப் பேருக்குச் சேரவில்லை, கிரேயான் மட்டும் மீந்து கிடக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளமான எமிஸில் இருக்கும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும் டீச்சர், அதை எந்த மாதம், எந்த வகுப்பை வைத்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். கிரேயான் 1, 2ஆம் வகுப்புக்கு, 3 முதல் 5 வரை கலர் பென்சில். இந்த வருடம் இரண்டாவதில் இருக்கும் பிள்ளை ஜூனில் மூன்றாவதுக்குப் போய்விடும், பழைய வகுப்புக் கணக்கையே அனுப்பினால் கிரேயான் மிஞ்சத்தான் செய்யும். புதிதாகச் சேரப் போகிறவர்களுக்கு அங்கன்வாடியில் ஒரு நடை போய்க் கேட்டாலே ஓரளவு கணக்கு கிடைத்துவிடும்.

செருப்புதான் பெரிய தலைவலி. "உன் சைஸ் என்னடா?" என்று கேட்டு எழுதாதீர்கள், பிள்ளை அண்ணன் செருப்பின் சைஸைச் சொல்லும்! பழைய அட்டையில் பிள்ளையை நிற்க வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை பென்சிலால் கோடு போட்டு ஸ்கேலால் அளந்து, வளர்கிற கால் என்பதால் ஒரு விரல் அகலம் கூட்டிக் குறியுங்கள்.

அப்படியும் மாறி வந்தால், பெட்டியைப் பீரோவில் பூட்டாமல் அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள், உங்களிடம் மீந்த சைஸ் பக்கத்துப் பள்ளியில் குறைவாக இருக்கலாம். மாற்றிக்கொள்வதற்கு முன்னால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டு பள்ளி இருப்புப் பதிவேட்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அப்புறம் தணிக்கையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.