நியூசிலாந்துப் பால் பண்ணைக்கு நல்ல பங்குக் கறவையாளர் கிடைக்க உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்?

நியூசிலாந்தில் பங்குக் கறவையாளர் என்பவர், பிறருடைய பண்ணையை நடத்திப் பால் வருமானத்தில் பங்கு பெறுபவர். மந்தையும் அவருடையதானால் அப்பங்கு பெரும்பாலும் சரிபாதி. நம் வாரச் சாகுபடியைப் போன்றது இது. ஒப்பந்தக் கறவையாளருக்கோ பாலிலுள்ள திடப்பொருளின் ஒவ்வொரு கிலோவுக்கும் முன்பே பேசிய தொகை.

இவர்களில் பலர் மந்தை சேர்த்து, பின்னாளில் சொந்தப் பண்ணை வாங்கும் நோக்கத்தோடு வருவதால், சேமிக்க இடந்தராத ஒப்பந்தத்தைத் திறமையானவர் ஏற்கமாட்டார். ஆகவே முந்தைய ஆண்டுகளின் உற்பத்தியையும் செலவையும் மறைக்காமல் காட்டி, பழுதில்லாத கறவைக் கூடமும் குளிர் தாங்கும் வீடும் தந்து (குடும்பத்தோடு வருபவருக்கு வீடே பாதி முடிவு), ஜூன் 1-இல் பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே பேச வேண்டும்.

இவ்விருவரையும் கூலியாட்கள் என்று எண்ணுவது தவறு. அவர்கள் தனித்தொழில் நடத்துபவர்கள், தேவையான வேலையாட்களைத் தாமே அமர்த்திச் சம்பளம் கொடுப்பவர்கள்.