இடது கை பிரேக், இரண்டு மீட்டர் பாதை

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் மாவட்டத்துக்காரர்களிடமிருந்து மலைச் சைக்கிள் பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சுற்றியே இருக்கின்றன. ஓசூரும் வண்டித் தொழில் ஊர், அதுவும் வண்டித் தொழில் ஊர், வியப்பில்லை. (நம்மூரில் 'பைக்' என்றால் மோட்டார் வண்டி. ஆகவே இங்கே 'சைக்கிள்' என்றே எழுதுகிறோம்.)

மார்ச்சில் ஸ்டுட்கார்ட் போகிறேன். இரண்டு வருடமாக ஓட்டும் 29 அங்குல ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள்) இருக்கிறது. எடுத்துப் போவதா, விற்றுவிட்டு அங்கே புதிதாக வாங்குவதா?
– ஓசூர் வாசகர்

உடம்புக்குப் பொருந்திய சைக்கிள் என்றால் எடுத்துப் போங்கள். குடிபெயரும்போது கொண்டுபோகும் சொந்தப் பொருளுக்குச் சுங்க வரி இல்லை. அதற்கு நிபந்தனைகள் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வசித்திருக்க வேண்டும், பொருளைக் குறைந்தது 6 மாதம் வைத்திருந்து பயன்படுத்தியிருக்க வேண்டும், அங்கே குடியேறிய 12 மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பிறகு ஒரு வருடத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வாங்கிய ரசீதைத் தேடி எடுத்துக் கைப்பையில் வையுங்கள். போகும் மாதத்தில் புதிதாக வாங்கிக்கொண்டு போவது இந்தக் கணக்கில் சேராது.

அட்டைப்பெட்டியைச் சைக்கிள் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். பெடல் இரண்டையும் கழற்றுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை மறந்து இறுக்கியே உடைத்தவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் ஸ்பேனரைப் பின் சக்கரத்தை நோக்கித் திருப்பினால் கழலும், அவ்வளவுதான் சூத்திரம். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் வழியில் லீவர் அமுங்கிப் பிஸ்டன் வெளியே வந்துவிடும், ரோட்டர் (பிரேக் வட்டு) உள்ளே போகாது. டியூப்லெஸ் டயரில் காற்றை முழுக்க இறக்காதீர்கள். விளிம்பு கழன்று சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) பெட்டி முழுக்க ஒழுகும். பாதிக் காற்று போதும். விளக்கின் உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டிக்குள் கூடாது.

பின்னால் கியர் மாற்றும் 'டீரெய்லர்' பாகத்தைக் கழற்றிக் குமிழித் தாளில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள். அதைத் தாங்கும் சிறிய அலுமினிய ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் தனி. இந்திய கம்பெனி சட்டத்துக்கான ஹேங்கர் அங்கே எந்தக் கடையிலும் தொங்காது. இரண்டு உபரி வாங்கிப் போடுங்கள். கையளவு உலோகம்தான், வளைந்தால் சைக்கிள் மொத்தமும் நிற்கும்.

இனி முக்கியமான விஷயம். நம்மூர்ச் சைக்கிளில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். ஜெர்மனியில் இது நேர்மாறு. அங்கே வாடகைக்கோ நண்பரிடமோ சைக்கிள் வாங்கி இறக்கத்தில் விட்டால் என்ன நடக்கும்? வளைவில் பழக்கதோஷத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடது லீவரை இழுப்பீர்கள். பிடிப்பது முன் சக்கரம். சரளையில் அது பக்கவாட்டில் வழுக்கித் தோளில் விழவைக்கும். அவசரத்தில் வலது லீவரை மட்டும் அழுத்தினாலோ பின் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே போகும், நிற்காது.

ஆகவே ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்கள் சைக்கிளை நம்மூர் முறையிலேயே வைத்துக்கொண்டு வேறு எதையும் தொடாமல் இருப்பது, அல்லது கிளம்ப ஒரு மாதம் முன்பே மாற்றிப் பழகுவது. இரண்டாவதே நல்லது. கேபிள் டிஸ்க் என்றால் இரண்டு கேபிளையும் லீவரில் மாற்றிக் கோர்த்தால் போதும், அரை மணி வேலை. ஹைட்ராலிக் என்றால் லீவர் பக்கம் குழாயைக் கழற்றி மாற்றி, புது ஆலிவும் (குழாயை இறுக்கும் சிறு வளையம்) செருகு ஊசியும் போட்டு, காற்றை வெளியேற்ற வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். டாட் (DOT) பிரேக் திரவம் கேட்கும் பிரேக்குகள் வேறு. ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிப்போய் லீவர் செத்துவிடும்.

முதல் மாதத்தில் எந்தக் காகிதத்துக்கு முதலிடம்?
– காவேரிப்பட்டினம் வாசகர்

முகவரிப் பதிவுக்கு. வீட்டுக்குள் குடியேறிய 2 வாரத்துக்குள் வட்டார பியூர்கர்பியூரோ அலுவலகத்தில் 'அன்மெல்டுங்' செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்றச் சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நேரம் முன்பதிவு செய்யத் தாமதமாகும் என்பதால் விமானம் ஏறும் முன்பே இணையத்தில் பாருங்கள். பதிவு முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். சம்பளம், வங்கி எல்லாம் அதன் பின்னால்.

நம்மவர்கள் இடறும் இடம் தபால் பெட்டி. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். பெட்டியில் கூப்பிடும் பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப்பெயரை அப்படியே எழுதி ஒட்டுங்கள்.

சைக்கிளுக்குக் காகிதமே வேண்டாம், பதிவும் இல்லை. ஆனால் சாலையில் ஓட்ட மணியும், அங்கீகார முத்திரையுள்ள முன்-பின் விளக்கும் (பகலில் கழற்றி வைக்கலாம்) கட்டாயம். இங்கிருந்து கொண்டுபோகும் டார்ச் கணக்கில் வராது.

வரைபடத்தில் நகரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான காட்டுத்தடங்கள் தெரிகின்றன. எதில் வேண்டுமானாலும் ஓட்டலாமா? எஸ்1, எஸ்2 என்பது என்ன?
– தருமபுரி வாசகர்

கூடாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில வனச் சட்டத்தின் 37-வது பிரிவுப்படி, காட்டில் 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. வன அலுவலகம் விதிவிலக்கு தந்த தடங்கள் மட்டும் தனி. பக்கத்து பவேரியாவில் இப்படி அகல விதி கிடையாது; அதனால் அங்கே ஓட்டிய நண்பர் சொல்வதை நம்பி இங்கே இறங்காதீர்கள். இணைய வரைபடத்தில் ஒரு தடம் இருப்பதற்கும் அது அனுமதிக்கப்பட்டது என்பதற்கும் தொடர்பில்லை. பிறர் ஓட்டிய பதிவு அது, உரிமம் அல்ல. குடும்பத்தோடு நடப்பவர்கள் இந்த விதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நின்று பேசவும் செய்வார்கள். இந்த விதி அகலத்தைப் பார்க்கிறதே தவிர ஆபத்தைப் பார்க்கவில்லை என்பது சைக்கிள்காரர்களின் குறை, அதில் நியாயம் உண்டு. ஆனால் விதி விதிதான்.

சட்டப்படி முழு மனதோடு இறங்கும் இடம் நகருக்குள்ளேயே இருக்கிறது. மரியென்பிளாட்ஸிலிருந்து டெகர்லோக்கு ஏறும் பல்சக்கர ரயிலை ஊரார் 'சாக்கே' என்கிறார்கள். 1884 முதல் ஓடுகிறது. சைக்கிளை முன்னால் தள்ளிச் செல்லும் திறந்த வண்டியில் ஏற்றிவிட்டு மேலே போகலாம். மேலிருந்து காட்டுக்குள் இறங்குவது 'வுட்பெக்கர்' தடம், நகரே அனுமதித்தது. முதல் முறை கூட்டமில்லாத வார நாளில் போங்கள். தாவும் மேடுகள் உண்டு. ஒவ்வொன்றையும் முதலில் நடந்து பாருங்கள். அகலமான காட்டுச் சாலையில் பழக வேண்டுமானால் மேற்கே ரோட்வில்டுபார்க்கும் அதன் ஏரிக்கரைகளும். பிர்கன்கோப் குன்று 511 மீட்டர். இரண்டாம் உலகப் போரில் இடிந்த கட்டடக் கற்களைக் கொட்டியதில் ஏறத்தாழ 40 மீட்டர் உயர்ந்தது. உச்சியில் செதுக்கிய கற்களை இன்றும் பார்க்கலாம். வார இறுதிப் பயணத்துக்கு பாட் வில்ட்பாட், ஆல்ப்ஸ்டாட் பைக் பார்க்குகள் உண்டு. பார்க்குக்குள் 2 மீட்டர் தொல்லை கிடையாது.

எஸ் என்பது தடம் எவ்வளவு கடினம் என்று காட்டும் அளவு, 0 முதல் 5 வரை. எஸ்0 சாதாரணக் காட்டுப்பாதை. எஸ்1-இல் சிறு வேர், கல், சரளை. எஸ்2-இல் பெரிய வேர், படி, செங்குத்து. சரிவு 70 சதவீதம் வரை. எஸ்3-க்கு மேல் கூர் வளைவும் பாறை அடுக்கும். இதை பார்க் பலகைகளின் நிறத்தோடு குழப்பாதீர்கள். ஜெர்மனியில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம். வட அமெரிக்கக் காணொளிகளில் பச்சைதான் எளிது, நீலம் நடுத்தரம். அதைப் பார்த்துப் பழகியவர் இங்கே சிவப்பை எதற்குச் சமம் என்று தெரியாமல் திகைப்பார்.

மரம் வெட்டும் இடத்தில் சிவப்பு-வெள்ளை நாடா கட்டியிருந்தால், வெட்டும் சத்தம் கேட்காவிட்டாலும் தாண்டாதீர்கள். பாதி அறுத்து வேறொரு மரத்தில் சாய்ந்து நிற்கும் மரம் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது.

என் மகன் அங்கே ஞாயிறுதோறும் தனியாகக் காட்டுக்குள் சைக்கிளில் போகிறான். உண்ணி கடித்து நோய் வரும் என்கிறார்களே. என்ன செய்யச் சொல்லட்டும்?
– பாலக்கோடு வாசகி

மாட்டில் பார்க்கும் உண்ணியின் உறவுதான் அம்மா, ஆனால் எள்ளைவிடச் சிறியதாகவும் இருக்கும். வெப்பம் 7, 8 டிகிரியைத் தாண்டினாலே புல்லிலும் புதரிலும் காத்திருக்கும். இரண்டு நோயைத் தரும்.

ஒன்று வைரஸால் வரும் மூளைக்காய்ச்சல். தடுப்பூசி உண்டு: முதல் இரண்டு ஊசி 1 முதல் 3 மாத இடைவெளியில், மூன்றாவது அதிலிருந்து 5 முதல் 12 மாதத்துக்குள். ஸ்டுட்கார்ட் ஆபத்துப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அரசுக் காப்பீடு செலவை ஏற்கும். வீட்டு மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இந்த வைரஸ் கடித்தவுடனே ஏறும் என்பதால் ஊசிதான் காப்பு.

இன்னொன்று லைம் நோய், பாக்டீரியா. இதற்கு அந்த ஊசி உதவாது; ஆனால் உண்ணி பல மணி நேரம் ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் ஏறும். ஆகவே ஓட்டி முடித்து வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். கூர் முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். நம் பக்கம் போல மண்ணெண்ணெய், எண்ணெய் தடவக் கூடாது. மூச்சுத் திணறும் உண்ணி வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் உமிழும். அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் ஆண்டிபயாடிக் தேவை, உடனே மருத்துவரிடம்.

தனியாகப் போவதற்கு: அவசர எண் 112. காட்டுச் சந்திப்புகளில் மீட்புக் குறியீடு எழுதிய பலகைகள் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் நேராக வரும். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், மூன்று மணிக்குத் திரும்பச் சொல்லுங்கள். பாதசாரியை இடித்தால் நஷ்ட ஈடு கொடுக்க 'ஹாஃப்ட்ப்ஃபிளிக்ட்' என்ற பொறுப்புக் காப்பீடு, தனி ஆளுக்குப் பெரும்பாலும் வருடம் 100 யூரோவுக்குள் கிடைக்கும். கேட்டால் வாங்கிவிட்டேன் என்பான். காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே 35 பி.எஸ்.ஐ. காற்றில் நன்றாக ஓடிய டயர் அங்கே மழையில் வழுக்குகிறது. டயரை மாற்றணுமா?
– கிருஷ்ணகிரியிலிருந்து போனவர்

முதலில் காற்றை மாற்றுங்கள். 35 என்பது கிருஷ்ணகிரியின் கருங்கல் சரளைக்கும் வேலிக்காத்தான் முள்ளுக்கும் பயந்து வைத்த அளவு. அங்கே முள் இல்லை. ஈர வேரும் களிமண்ணும். 29 அங்குலம், 2.4 அகல டியூப்லெஸ் டயர், ஆள் 70 கிலோ என்றால் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். வளைவில் டயர் துவண்டாலோ கல்லில் ரிம் இடித்தாலோ ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அங்கே பம்பு பார் அளவில் காட்டும்: 1 பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.; 22 என்பது 1.5 பார். சீலண்ட் டயருக்கு 100 மில்லி. நம் வெயிலில் இரண்டு மாதத்தில் காய்ந்தது அங்கே இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

அதன் பிறகும் வழுக்கினால் முன் டயரை மட்டும் மென் ரப்பராக, இடைவெளி அகன்ற குமிழுள்ளதாக மாற்றுங்கள். ஈர வேரைக் குறுக்காக, செங்கோணத்தில் கடந்து செல்லுங்கள். வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். வேகத்தை அதற்கு முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து கிடக்கும் வேரில் முன் பிரேக் பிடித்தால் சக்கரம் வேரோடு ஓடும், நீங்கள் நேராக ஓடுவீர்கள்.

பேட் ஆர்கானிக் என்றால் சேறு கலந்த ஈரத்தில் சீக்கிரம் தேயும். மெட்டல் பேட் போட்டு, புதிதாக மாட்டியதும் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு 20 முறை, சற்றுக் கூடிய வேகத்திலிருந்து 10 முறை குறையுங்கள். சக்கரம் பூட்டக் கூடாது. இதைச் செய்யாமல் நேராக இறக்கத்தில் போய்ப் 'பிரேக் சத்தம் போடுகிறது' என்று கடைக்குப் போகிறவர்களே அதிகம்.

கிளம்பும் முன் இங்கே எங்கே பழகலாம்?
– அரூர் வாசகர்

வத்தல்மலைச் சாலை. விடியற்காலையில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் மாற்றிய பிரேக்கோடு இறங்குங்கள். இறக்கம் முழுக்க பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். தொப்பூர் கணவாயில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் லாரியின் கதைதான். வளைவுக்கு முன் இரண்டு கையாலும் அழுத்திக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காப்புக்காட்டுத் தடங்களில் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். யானை சத்தமில்லாமல் நிற்கும். சைக்கிளும் சத்தமில்லாமல் வரும்.