படுத்ததும் கேட்கும் அந்த 'தடக்'

தம்பி, ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல் என்று டாக்டர் சொல்லியும், இரவில் படுத்ததும் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு 'தடக்' என்று அடிக்கிறது, பயத்தில் ஏற்காட்டுப் பக்கமே போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு துடிப்பு சற்று முந்தி வந்துவிடும். பிறகு சின்ன இடைவெளி. அதற்குள் இதயத்தில் கூடுதல் ரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு ஓங்கி விழும். இதயம் நன்றாக இருப்பவர்களுக்கும் இது சர்வசாதாரணம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், அதனால் இன்னும் பலமாகத் தெரியும்.

பல்ஸ் பார்க்கிறீர்களே, அதுதான் வினை. மணிக்கட்டில் விரல் வைத்ததுமே பயம், பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், அதில் துடிப்பு ஏறும், மறுபடி விரல் அங்கேயே போகும். ஒரேயடியாக விட முடியாது. தோன்றும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், அப்புறம் இருபது. ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் கழற்றி பீரோவில் வையுங்கள்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதலில் சேலம் அம்மாபேட்டை குமரகிரி மலைக்கோயில் படிகளில் மெதுவாக ஏறுங்கள். படபடக்கும், படபடக்கட்டும். அது பழகினால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் பழகும்.

அழுத்துகிற நெஞ்சுவலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் யோசிக்காமல் 108. பயம் தூங்கவிடாத இரவுகளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.