ஜோவியலும் ஜாலியும் ஒன்றா?

கேள்வி: எல்லோரிடமும் சிரித்துப் பேசிப் பழகுபவரை ‘ஜோவியலான ஆள்’ என்கிறோம். இந்த ஆங்கிலச் சொல்லுக்கும் வியாழன் கோளுக்கும் தொடர்பு உண்டு என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். உண்மையா? ‘ஜாலி’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: நண்பர் கூறுவது உண்மை. ரோமானியர்களின் தலைமைக் கடவுளான ஜூப்பிட்டருக்கு ஜோவ் என்றும் ஒரு பெயர் உண்டு. வியாழன் கோளையும் அவர்கள் அக்கடவுளின் பெயராலேயே அழைத்தார்கள். பிறக்கும் வேளையில் வலுப்பெற்றிருக்கும் கோளே ஒருவருடைய இயல்பை வகுக்கிறது என்று நம்பிய ஐரோப்பியச் சோதிடர்கள், வியாழனின் ஆதிக்கத்தில் பிறந்தவர்கள் மலர்ந்த முகமும் தாராள மனமும் உடையவர்கள் என்று கருதினார்கள். ‘ஜோவுக்கு உரிய’ என்னும் பொருள் கொண்ட லத்தீன் சொல், 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கருத்தோடுதான் ஆங்கிலத்தில் நுழைந்தது. ‘குரு பார்க்கக் கோடி நன்மை’ என்னும் நமக்கு இது புரியாத எண்ணமன்று.

இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. சிடுசிடுப்பும் வாட்டமும் கொண்டவரைக் குறிக்கும் ‘சாட்டர்னைன்’ சனியிலிருந்தும், நொடிக்கு நொடி மனம் மாறுபவரைக் குறிக்கும் ‘மெர்க்குரியல்’ புதனிலிருந்தும் பிறந்தவை. சோதிடத்தில் ஈடுபாடு கொண்டிருந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தவ் ஹோல்ஸ்ட், 1914 முதல் 1917 வரை இயற்றிய ‘கோள்கள்’ என்னும் இசைத்தொகுப்பில் வியாழனுக்குரிய பகுதிக்குக் ‘களிப்பைக் கொணர்பவர்’ என்றே பெயரிட்டார்.

ஜாலி வேறு. சுற்றுலா ஜாலியாக இருந்தது எனலாம். ஜோவியலாக இருந்தது என்பது பொருந்தாது. ஜோவியல் பெரும்பாலும் மனிதரின் சுபாவத்தையும், அது வெளிப்படும் சிரிப்பு, குரல், பேச்சு ஆகியவற்றையும், அத்தகையோர் கூடிய அவையின் கலகலப்பையும் குறிப்பது. தேர்வில் வென்ற மகிழ்ச்சியில் துள்ளும் மாணவரை அச்சொல்லால் குறிப்பதில்லை. விருந்தினரை வாய் நிறைய வரவேற்று, வந்த அனைவரையும் சிரிக்க வைக்கும் வீட்டுக்காரருக்கே அது மிகவும் பொருந்தும். தனக்குள் மகிழ்ந்திருப்பவரைவிடப் பிறரையும் அம்மகிழ்ச்சியில் சேர்த்துக்கொள்பவருக்கு உரிய சொல் அது என்பதே என் கருத்து.

‘ஜோவியன்’ என்னும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வியாழனையும், அதைப் போன்ற சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய பெருங்கோள்களையும் குறிக்க வானியலார் ஆள்வது.