லாத்தா ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டு மக்சிக்குக்கு (மலாய்க்கார அம்மாவுக்கு) லாத்தா, அதாவது திடுக்கிட்டால் தன்னை மறந்து எதையாவது செய்துவிடும் நிலை. பின்னால் போய் 'ஓய்' என்று ஒரு சத்தம் போட்டால் போதும், கையில் இருப்பதை எறிந்துவிட்டு, சொல்லக் கூசுகிற வார்த்தையெல்லாம் சொல்வார். எதிரில் நிற்பவர் கை தட்டினால் அவரும் தட்டுவார். பசங்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு. கூட நின்று சிரித்த என் பத்து வயது மகன் இப்போது நான் பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்கிறான். ஒட்டிக்கொண்டதா? கயிறு மந்திரிக்கலாம் என்கிறார் மாமியார்.
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஒட்டாதும்மா, இது கிருமி இல்லை. கயிறு கட்டினால் மாமியாருக்குத் திருப்தி, அவ்வளவுதான்.

திடுக்கிடுவது எல்லோருக்கும் உள்ளதுதான், சிலருக்கு அது தூக்கிவாரிப் போடும் அளவுக்கு இருக்கும். அப்படிப்பட்டவரைச் சுற்றியிருப்பவர்கள் வருஷக்கணக்கில் சீண்டிச் சீண்டியே லாத்தா முற்றுகிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து, எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்களிடம் காணப்படுவது. மலாய்க்காரர்களிடம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், அமெரிக்காவின் மேய்ன் காட்டில் மரம் வெட்டியவர்களிடமும் சைபீரியாவிலும் இதே போல இருந்ததை வெள்ளைக்கார மருத்துவர்கள் பதிந்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்து 1884-இல் கட்டுரை எழுதிய பிரெஞ்சு மருத்துவர்தான் ழில் த லா தூரெத், மறுவருஷம் அவர் விவரித்த, தன்னையறியாமல் உடம்பு வெட்டி இழுப்பதும் சத்தம் எழுவதுமான நோய்க்குத்தான் இன்று அவர் பெயர், டூரெட். ஆனால் இரண்டும் வேறு: லாத்தாவுக்கு யாராவது பயமுறுத்த வேண்டும், டூரெட்டுக்கு யாரும் தேவையில்லை, தானாக வரும்.

சரி, உங்கள் மகன். உங்களை வெறுப்பேற்றச் செய்கிறான் என்றால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்வான், நீங்கள் கண்டுகொள்ளாவிட்டால் சலித்துப்போய் விட்டுவிடுவான். அதோடு அடிக்கடி கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டை செருமல் என்று இருந்தால் அது டூரெட்டாகவும் இருக்கலாம், ஒருமுறை கிளினிக்கில் காட்டிவிடுங்கள். 'நிறுத்துடா' என்று அதட்டினால் கொஞ்ச நேரம் அடங்குகிறதே, அப்படியானால் நடிப்புதான் என்று முடிவு கட்டாதீர்கள், டூரெட் பிள்ளைகளும் கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்வார்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அந்த மக்சிக் கையில் கொதிக்கிற தேத்தண்ணியோ கத்தியோ இருக்கும்போது எவனாவது கத்தினால் என்ன ஆகும்? சிரிக்கிறார்களே என்று அவரும் சமாளித்துச் சிரிப்பார், உள்ளுக்குள் கூனிக்குறுகிப் போவார். மகனைக் கூட்டிப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். போகும்போது மட்டும் முன்வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிடுங்கள்.