வரலாறு படிக்க விரும்பும் மகளும் உங்கள் பயமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடந்த கிழமை பாடத்தெரிவு பற்றி ஆலோசனை கேட்க மகளைக் கூட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானிலிருந்து என்னிடம் வந்திருந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று நான் முழுமையாகப் பதில் சொல்லவில்லை. வெளியே வாங்கிலில் இன்னும் பல பெற்றோர் காத்திருந்தார்கள். “வெள்ளைக்காரன் ஆண்ட கதையைப் படிச்சு இவள் என்ன உத்தியோகம் பார்க்கப் போறாள்?” என்று கேட்டீர்கள். சாதாரண தரத்தில் வரலாற்றுக்கும் தமிழுக்கும் ஏ, கணிதத்துக்கு சி எடுத்த பிள்ளை, உயர்தரத்தில் வரலாறு, அரசறிவியல், புவியியல் ஆகிய மூன்றையும் எடுக்க விரும்புகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வணிகப்பிரிவில் படித்து வங்கியில் வேலைக்குச் சேர்ந்ததால் நீங்கள் வணிகப்பிரிவை விரும்புகிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றை வைத்து நம் பிள்ளைக்குப் பாடம் தெரிவுசெய்வது வன்னியில் மட்டும் உள்ள பழக்கமல்ல என்றாலும், இங்கே அது சற்று அதிகம்.

நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்த நேரத்தில் உங்கள் மகள் என்னிடம் கற்சிலைமடுவில் உள்ள நினைவுக்கல்லைப் பற்றிப் பேசினாள். ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31 ஆம் திகதி இந்த இடத்துக்கு அண்மையில் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் அது. “சேர், கல்லில தோற்கடிச்சது எண்டுதான் கிடக்கு, கொன்றது எண்டு இல்லை. ஆனா எல்லாரும் அண்டைக்கே செத்தவர் எண்டு சொல்லினம். வென்றவை எழுதின கல்லை நாங்கள் எப்பிடி வாசிக்கிறது?” என்று கேட்டாள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததையும், அதற்கு ஏன் அப்படியொரு கல் நாட்டப்படவில்லை என்பதையும் சேர்த்தே கேட்டாள். பதினாறு வயதுப் பிள்ளை ஓர் ஆவணத்தை எழுதியவர் யார், எழுதாமல் விட்டது எது என்று பார்க்கிறாள் என்றால், அந்தத் திறமையைக் கணக்கீட்டுப் பாடத்துக்குள் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்று நீங்கள் இங்கிருந்து பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லி, பொலித்தீன் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த காணி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் காட்டியது நினைவிருக்கும். மடிப்போரங்கள் நைந்து, முத்திரையின் மை பரவிப்போன அந்தத் தாள் உங்கள் தகப்பனாரின் பெயரில் இருந்தது. பின்னுரித்தாளராக எவரையும் குறிக்காமல் அவர் காலமாகிவிட்டதால் காணி உங்கள் தம்பிக்கே போகும் என்று முன்பு சொல்லப்பட்டதாக வருத்தப்பட்டீர்கள். உங்கள் மகள் படிக்க விரும்பும் பாடத்தின் பெரும்பகுதி அந்தத் தாளுக்குள் இருக்கிறது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், வேறொருவருக்கு உரியதென்று நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று ஆங்கிலேயர் 1840 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தால் வைத்துக்கொண்டார்கள். சேனைப்பயிர் செய்து, காட்டோடு வாழ்ந்த வன்னி போன்ற பகுதிகளில் அதன் பொருள் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்படி முடிக்குரியதாகிய நிலத்தைக் குடியானவர்களுக்குப் பகிர்ந்தளிக்க 1935 இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழேயே இன்றும் அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்படுகின்றன. பெயர் குறிக்கப்படாத காணியில் மகளுக்கு முன் மகனை நிறுத்திய அதன் உரிமை வரிசை, நாடு சுதந்திரமடைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னர், 2022 இல்தான் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் உங்கள் காணிக்கு எப்படிப் பொருந்தும் என்பதைக் காணி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அது என் துறையன்று. ஆனால் அந்தக் கதிரையில் இருப்பவர் இந்த வரலாறு தெரிந்தவராக இருந்தால், உங்களை மூன்று முறை அலையவிடமாட்டார் என்பது என் எண்ணம்.

இரணைமடுவும் அப்படித்தான். 1902 இல் வேலை தொடங்கிய அந்தக் குளத்தை நம்பியே கிளிநொச்சியின் குடியேற்றங்கள் எழுந்தன. குடியேறியவர்கள் யார், மலையகத்திலிருந்து 1977 இன் வன்செயலுக்குப் பின் வந்து சேர்ந்தவர்களுக்குக் காணி எப்படிக் கிடைத்தது அல்லது கிடைக்காமல் போனது, 1970 களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயிலும் வெங்காயத்திலும் நிமிர்ந்த விவசாயி 1977 இன் திறந்த பொருளாதாரத்தோடு எப்படிச் சாய்ந்தான் என்பவையெல்லாம் இங்கே திட்டம் தீட்டுகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை. அறியாதவர்கள் தீட்டிய திட்டங்களை நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

இனி உத்தியோகம். கலைப்பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் பயம் ஆதாரமில்லாத பயமன்று. பட்டம் பெற்று, அரசாங்கம் கூப்பிடும் வரை வீட்டில் இருப்பது என்ற ஒரே வழியை மட்டும் மனதில் வைத்துக் கலைப்பிரிவுக்குப் போனால், அந்தக் கொட்டகைதான் முடிவாகலாம். ஆகவே “கலைப்பிரிவு எடு” என்று மட்டும் நான் மகளுக்குச் சொல்லமாட்டேன். இந்தப் பாடங்களோடு சிங்களமும் ஆங்கிலமும் இந்த ஆண்டே தொடங்கவேண்டும் என்று சொல்வேன். ஆங்கிலேயர் கால நிருவாக அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஆவணங்களும் இருக்கின்றன. இன்றைய அமைச்சுச் சுற்றறிக்கையின் சிங்களப் பிரதியையும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழ்ப் பிரதி வந்துசேரும் வரை காத்திருக்கும் தேவை இல்லை. மூன்று மொழியும் தெரிந்த வரலாற்றுப் பட்டதாரிக்கும் ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்கும் இடையே உள்ள தூரம், வைத்தியருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் இடையே உள்ள தூரத்தைவிடக் குறைந்ததல்ல.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் திருநெல்வேலியில் இருக்கிறது. பேராதனை, கொழும்பு, கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் கலைப்பீடங்கள் உண்டு. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியபோதிலும், அங்கே இருப்பவை வணிகம், பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பம் சார்ந்த பீடங்களே. வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்பதற்காக அதை நினைத்துக்கொண்டு பாடம் தெரிவுசெய்யவேண்டாம். பட்டத்தின் பின் நிருவாக சேவை, திட்டமிடல் சேவை, வெளிநாட்டுச் சேவை ஆகியவற்றின் போட்டிப் பரீட்சைகள் இருக்கின்றன. ஆசிரியத்துவம், தொல்லியல், சட்டம், ஊடகம் ஆகியன இருக்கின்றன. புவியியலோடு கணினியில் வரைபடம் தயாரிக்கக் கற்றால், காணி, நீர்ப்பாசனம், அனர்த்த முகாமைத்துவம் ஆகிய துறைகளில் அரசுக்கு வெளியேயும் வேலை தேடலாம். இவற்றில் எதுவும் இலகுவாகக் கிடைக்காது. வங்கி வேலையும் அப்படித்தான்.

ஒரேயொரு விடயத்தில் நான் உங்கள் பக்கம். ஆசிரியர் இல்லாத பாடத்தை ஆசையால் மட்டும் எடுக்கக்கூடாது. எங்கள் பகுதிப் பாடசாலைகள் சிலவற்றில் பாட அட்டவணையில் புவியியல் இருக்கும், கற்பிக்க ஆள் இருக்கமாட்டார். ஆகவே வருகிற திங்கட்கிழமை நீங்களே பாடசாலைக்குப் போய், இந்த மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா, கடந்த ஆண்டு அந்தப் பாடங்களில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று பிரதி அதிபரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புவியியலுக்கு ஆசிரியர் இல்லையென்றால் அதற்குப் பதிலாகப் பொருளியலை எடுக்கலாமா, அல்லது வேறு பாடசாலைக்கு மாறலாமா என்று மகளுடன் இருந்து பேசுவோம். அவள் முன்னிலையிலேயே பேசவேண்டும். இந்த முறை தண்ணீர் குடிக்க நான் வெளியே போகிறேன், நீங்கள் அந்தக் கல்லைப் பற்றி அவளிடம் கேளுங்கள்.