பேட்டரி மின்முனையையும் ஒளிக்கு வினைபுரியும் நானோபொருளையும் ஒரே வேதியியலாளர் ஆராய்வது ஏன்?

இரண்டும் சம்பந்தமில்லாத துறைகள் ஆயிற்றே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான்: எலக்ட்ரானை வழியில் இழக்காமல் வேண்டிய இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

முதலில் பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின்முனையில் பெரும்பாலும் கிராஃபைட்தான் இருக்கும், அதன் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி. சிலிக்கான் ஏறக்குறைய பத்து மடங்கு வாங்கும், ஆனால் லித்தியம் உள்ளே போகப்போக அதன் கன அளவு மூன்று மடங்குக்கும் மேல் உப்பி, வெளியே வரும்போது சுருங்கி, சில மின்னேற்றச் சுற்றுகளிலேயே நொறுங்கி, எலக்ட்ரான் போகும் பாதை அறுந்துவிடும். துகளைச் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் விரிசல் பெருமளவு குறைகிறது. அப்புறம் வேறு தொல்லை: துகள் சிறுத்தால் மேற்பரப்பு கூடும், அங்கே மின்பகுளி (அயனிகளைக் கடத்தும் திரவம்) சிதைந்து படலமாகப் படிந்து லித்தியத்தைத் தின்னும். என்னைக் கேட்டால் இந்தப் படலத்தை அடக்குவதுதான் மிகக் கடினமான வேலை.

சரி, ஒளி? ஒளிக்கு வினைபுரியும் பொருளான டைட்டானியம் டை ஆக்சைடின் அனட்டேஸ் என்ற படிக வடிவத்தில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பச் சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை, அதனால் புற ஊதா ஒளியை மட்டுமே பயன்படுத்திக்கொள்ளும். ஒளி பட்டுக் கிளம்பிய எலக்ட்ரான், தான் விட்டுவந்த காலியிடமான துளையோடு மறுபடி சேர்வதற்குள் மேற்பரப்பை எட்ட வேண்டும். துகள் சிறிதானால் அந்தத் தூரம் குறைகிறது. இதே ஆக்சைடு லித்தியத்தையும் ஏற்கும், ஆகவே ஒரே தயாரிப்பு முறையும் அதே மின்வேதியியல் சோதனைகளும் இரண்டு ஆய்வுக்கும் உதவுகின்றன.